பிரான்சின் கிராமப்புறத்தில் அமைதியாகச் சைக்கிள் ஓட்ட: ஆற்றங்கரையா, கால்வாய்க் கரையா, வெள்ளைச் சாலையா?

பிரான்சில் ஒரு வாரம் சைக்கிளில் சுற்ற வேண்டும், கார் லாரித் தொல்லை இருக்கக் கூடாது, எங்கே போகலாம் என்று கேட்டால் பெரும்பாலோர் லுவார் ஆற்றங்கரையைச் சொல்வார்கள். நல்ல பதில்தான். ஆனால் 25 மி.மீ. டயர் போட்ட ரோடு பைக்கில் (தார்ச் சாலைக்கான ஒல்லி டயர்ச் சைக்கிள்) நாளைக்கு 100 கி.மீ. போக நினைப்பவரும், எட்டு வயதுக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு நாளைக்கு 30 கி.மீ. உருட்ட நினைப்பவரும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். இருவருக்கும் ஒரே வழியைக் காட்டினால் ஒருவர் ஏமாந்துபோவது நிச்சயம்.

கார் நுழைய முடியாத பாதை வேறு, கார் வராத சாலை வேறு. முதலாவதை வுவா வெர்த், அதாவது பசுமைப் பாதை என்பார்கள். நடப்பவர்கள், சைக்கிள்காரர்கள், குதிரையில் வருபவர்கள் இவர்களுக்கு மட்டுமே அது சொந்தம். இரண்டாவது, யாரும் சைக்கிளுக்கென்று போடாத சாதாரணத் தார்ச் சாலை. மிஷலின் நிறுவனத்தின் சாலை வரைபடத்தில் வெள்ளைக் கோடாக வருவதால் அதை வெள்ளைச் சாலை என்கிறேன். அதில் கார் வரலாம், ஆனால் வருவதில்லை. பிரான்சின் உண்மையான செல்வம் இந்த இரண்டாவது வகைதான் என்பது என் உறுதியான கருத்து.

காரணம் எளிது. நாட்டின் சாலைகள் மொத்தம் ஏறத்தாழ 11 லட்சம் கி.மீ. அவற்றில் ஆட்டோரூட் என்னும் அதிவேகச் சாலைகளும் தேசிய நெடுஞ்சாலைகளும் சேர்ந்தாலும் சுமார் 2 சதவீதம்தான். மீதி மாவட்டச் சாலைகளும் ஊராட்சிச் சாலைகளும். ஏறத்தாழ 35,000 ஊராட்சிகள் தங்கள் பண்ணைகளுக்கும் குக்கிராமங்களுக்கும் தாங்களே தார் போட்டு வைத்திருக்கின்றன. சாலை போட்ட காலத்தில் அங்கே இருந்த குடும்பங்களில் பல நகரங்களுக்குப் போய்விட்டன. சாலைகள் மட்டும் பராமரிப்போடு அப்படியே இருக்கின்றன.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல் வண்டிகளின் எண்ணிக்கை. மாவட்ட நிர்வாகங்கள் பல தங்கள் சாலைகளில் ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை வண்டிகள் போகின்றன என்று எண்ணி வரைபடமாக வெளியிடுகின்றன. அந்த எண் சைக்கிள்காரருக்கு என்ன பொருள் தரும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளைக்கு 500 வண்டி போகும் சாலை என்றால் பகல் நேரத்தில் மணிக்குச் சுமார் 40. அதில் பாதி எதிர்த் திசை. நம் திசையில் வரும் 20 வண்டிகள் 70 கி.மீ. வேகத்திலும் நாம் 20 கி.மீ. வேகத்திலும் போனால், மணிக்கு 14 வண்டி நம்மைத் தாண்டும். அதாவது நான்கு நிமிடத்துக்கு ஒன்று. பின்னால் சத்தம் கேட்டதும் ஓரம் ஒதுங்கிவிட்டு மறுபடி பேச்சைத் தொடரலாம். அதே சாலையில் 5,000 வண்டி போனால் 25 நொடிக்கு ஒன்று தாண்டும். அங்கே பேச்சும் இல்லை, வேடிக்கையும் இல்லை. 500-க்குக் கீழே என்றால் அமைதி, 1,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தரை. தார், இறுக்கிய சரளை மண், வேர் புடைத்த மண் பாதை என்று மூன்று வகை உண்டு. டயர் அகலம்தான் இங்கே தீர்ப்புச் சொல்லும்.

மூன்றாவது, ரயில். சைக்கிளோடு போய் இறங்க முடியாத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் திட்டத்தில் ஒரு நாளைத் தின்றுவிடும்.

நான்காவது, சோறு, தண்ணீர், படுக்கை. கார் வராத ஊரில் கடையும் இருக்காது. அமைதிக்கு நாம் கொடுக்கும் விலை இது. ஐந்தாவது, ஏற்றம்.

| வழி | நீளம் | கார்கள் | தரை | ரயில் | ஏற்றம் |
|---|---|---|---|---|---|
| லுவார் ஆற்றங்கரை | சுமார் 900 கி.மீ. | பாதி வழி இல்லை, பாதி வழி குறைவு | பெரும்பாலும் தார், இடையிடையே சரளை | மிக நல்லது | இல்லையென்றே சொல்லலாம் |
| காரோன் கால்வாய் | 193 கி.மீ. | இல்லை | தார் | மிக நல்லது | இல்லை |
| மிடி கால்வாய் | 240 கி.மீ. | இல்லை | துலூஸ் பக்கம் தார், பிறகு கரடு | நல்லது | இல்லை |
| ஜிவ்ரி–குளூனி ரயில் பாதை | 44 கி.மீ. | இல்லை | வழுவழுப்பான தார் | நல்லது | மிகக் குறைவு |
| லூபெரோன் சுற்று | 236 கி.மீ. | பருவத்தைப் பொறுத்தது | தார் | சுமார் | நடுத்தரம் |
| லோசேர் வெள்ளைச் சாலைகள் | நீங்கள் வரைவதுதான் | மிகக் குறைவு | தார், சற்றுச் சொரசொரப்பு | கடினம் | அதிகம் |
| ஆல்ப்ஸ் மூடிய கணவாய்கள் | நாளுக்கு ஒரு கணவாய் | அந்தக் காலைப்பொழுதில் இல்லை | தார் | சுமார் | மிக அதிகம் |

## லுவார் ஆற்றங்கரை

நெவேர் நகருக்குப் பக்கத்தில் உள்ள குயுஃபியிலிருந்து அட்லாண்டிக் கரையில் உள்ள சேன்-ப்ரெவான் வரை சுமார் 900 கி.மீ. கருங்கடல் வரை போகும் யூரோவெலோ 6 நெடுவழியின் மேற்கு முனையும் இதுதான். ஓர்லியோன், புளுவா, தூர், சோமூர், ஆன்ஜே, நான்த் என்று நல்ல நகரங்கள் வழியிலேயே வருகின்றன. ஷாம்போர், அம்புவாஸ், வில்லாந்ரி கோட்டைகள் சின்னச் சுற்றில் கிடைக்கும். முதன்முறை போகிறவர்களுக்கு இதைவிடப் பத்திரமான வழி கிடையாது. பலகைகள் தெளிவு, மேடு இல்லை, எங்கே களைத்தாலும் அடுத்த ரயில் நிலையம் கிட்டத்தில்.

ஆனால் இது முழுக்கப் பசுமைப் பாதை என்று நினைத்துப் போகாதீர்கள். கணிசமான பகுதி ஊர்ச் சாலைகளிலும் வெள்ளத் தடுப்புக் கரைகளின் மேலும் போகிறது. அவை அமைதியானவைதான். ஆபத்து இருப்பது பலகையை விட்டு விலகும்போது. வடகரையின் அணைக்கரை மேல் போகும் டி952 என்ற மாவட்டச் சாலை வரைபடத்தில் ஆற்றை ஒட்டி அழகாகத் தெரியும். அது பழைய தேசிய நெடுஞ்சாலை 152. பெயர் மட்டும் மாறியிருக்கிறது, லாரிகள் மாறவில்லை.

மறைமுகச் செலவுகள் மூன்று. ஜூலை, ஆகஸ்டில் கூட்டம் அலைமோதும், கோட்டை ஊர்களில் அறை வாடகை ஏறும், முன்பதிவு இல்லாமல் மாலையில் போய் நின்றால் அலைய வேண்டியதுதான். இரண்டாவது, காற்று. பெரும்பாலோர் ஆறு ஓடும் திசையில் மேற்கு நோக்கிப் போகிறார்கள். ஆற்றின் சரிவு மிகச் சிறிது, காலுக்குத் தெரியாது. ஆனால் அங்கே வழக்கமாக அடிப்பது மேற்கிலிருந்து வரும் கடல் காற்று. நாள் முழுக்க அது முகத்தில் அடித்தால் சமவெளியும் மலைபோல ஆகிவிடும். முடிந்தால் கடற்கரையில் ஆரம்பித்துக் கிழக்கே வாருங்கள். மூன்றாவது, உங்கள் வேகம். குழந்தைகள், முதியவர்கள், மூட்டை ஏற்றிய சைக்கிள்கள் எல்லாம் நடமாடும் பாதையில் 30 கி.மீ. வேகத்தில் பறக்க முடியாது, பறக்கவும் கூடாது.

குடும்பத்தோடு போனால், சைக்கிளை அங்கேயே வாடகைக்கு எடுக்கப் போகிறீர்கள் என்றால், வரலாறும் திராட்சை ரசமும் பயணத்தின் பாதி நோக்கம் என்றால் இதையே எடுங்கள். ஒரு ஊரில் எடுத்து இன்னொரு ஊரில் திருப்பிக் கொடுக்கும் வாடகைக் கடைகள் இந்த வழியில் உண்டு. "அக்கேய் வெலோ" என்ற முத்திரை உள்ள விடுதிகள் வழியிலிருந்து 5 கி.மீ.க்குள் இருக்கும். சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் பழுது பார்க்கக் கருவிகளும் தருவார்கள்.

## கால்வாய்க் கரைகள்: காரோனும் மிடியும்

துலூஸிலிருந்து மேற்கே போனால் காரோன் கால்வாய், கிழக்கே போனால் மிடி கால்வாய். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, கடலிலிருந்து கடலுக்குப் போகும் ஒரே வழியாக விளம்பரப்படுத்துகிறார்கள். சைக்கிள்காரருக்கு அவை இரண்டு வேறு உலகங்கள்.

காரோன் பக்கம் தார் போட்ட பாதை, மதகுக்கு மதகு போய்க்கொண்டே இருக்கும். பிளேன் என்னும் மரங்களின் நிழல், மதகுக் காவலர் குடியிருந்த சிறு வீடுகள், மெதுவாக நகரும் படகுகள். மொய்சாக்கில் பழைய மடத்தின் முற்றம் இருக்கிறது. அஜான் ஊரில் ஆற்றின் மேல் கல் பாலத்தில் கால்வாயே கடந்து போகிறது, அதன் ஓரத்தில் நாமும் போகலாம். போர்தோ–துலூஸ் ரயில் பாதை கூடவே வருவதால் எந்த நாளும் பாதியில் விட்டுவிட்டு வண்டி ஏறலாம். மேற்கு முனைக்குச் சற்று முன்னால் கால்வாயை விட்டு ஊர்ச் சாலைகளில் சோவ்தேர்-து-கியேன் போனால், அங்கிருந்து போர்தோ நோக்கிப் பழைய ரயில் தடத்தில் போட்ட பாதை கிடைக்கும். 1937-இல் டூர் தே பிரான்ஸ் வென்ற ரோஜே லாப்பெபியின் பெயர் அதற்கு.

கார் இல்லை என்பதால் சத்தமும் இல்லை என்று ஆகாது. ஏ62 ஆட்டோரூட் சில இடங்களில் மரங்களுக்கு அப்பால் இரைந்துகொண்டே வரும். அஜானுக்கும் மொய்சாக்குக்கும் நடுவே கோல்ஃபெக் அணுமின் நிலையத்தின் குளிரூட்டும் கோபுரங்கள் நெடுநேரம் கண்ணில் படும். கோடு போட்டாற்போல நேராகப் போகும் கரை, இரண்டாம் நாள் மதியத்தில் சலிப்புத் தட்டும். வளைவில் என்ன இருக்குமோ என்ற ஆவலோடு ஓட்டுகிறவருக்கு இது ஏற்றதில்லை.

மிடி கால்வாய் 17-ஆம் நூற்றாண்டுச் சாதனை. பியேர்-போல் ரிக்கே 1666-இல் ஆரம்பித்த வேலை 1681-இல், அவர் இறந்த சில மாதங்களில் முடிந்தது. 1996 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். துலூஸிலிருந்து முதல் 50 கி.மீ. அளவுக்குத் தார் உண்டு, எந்தச் சைக்கிளும் போகும். அதைத் தாண்டி ஓட் மாவட்டத்துக்குள் போனதும் நிலைமை மாறும். நீண்ட பகுதிகளில் மண் தடம், குறுக்கே வேர்கள், மழைக்குப் பின் சேறு. 25 மி.மீ. டயரோடு போனால் மணிக்கட்டு வலியும் பஞ்சரும்தான் மிச்சம். 35 மி.மீ.க்கு மேல் வேண்டும். இன்னொரு வேதனையான விஷயம், பிளேன் மரங்களைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோய் 2006-இல் இங்கே கண்டுபிடிக்கப்பட்டது. பரவாமல் தடுக்க ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டி எரித்துவிட்டார்கள். வேறு வகை மரங்களை நட்டு வருகிறார்கள். படத்தில் பார்த்த நிழல் குகை எல்லா இடத்திலும் இருக்காது. ஜூலை வெயிலில் இது சாதாரண விஷயமில்லை.

ஆகவே ரோடு பைக் என்றால் துலூஸிலிருந்து மேற்கே திரும்புங்கள். தடித்த டயரும் நேரமும் பொறுமையும் இருந்தால் கிழக்கே.

## ஜிவ்ரி–குளூனி: பழைய ரயில் தடம்

பிரான்சின் முதல் பசுமைப் பாதை என்று பெயர் வாங்கியது இது. 1997-இல் தெற்குப் புர்கோன் வட்டாரத்தில், கைவிடப்பட்ட ரயில் தடத்தின் மேல் தார் போட்டுத் திறந்தார்கள். ஷாலோன்-சுர்-சோன் ரயில் நிலையத்திலிருந்து ஜிவ்ரி சுமார் 10 கி.மீ. அங்கிருந்து 44 கி.மீ.யில் குளூனி. தண்டவாளத்துக்கென்று வெட்டிய தடம் என்பதால் மேடு இருந்தாலும் தெரியாது. பியுக்சி, சேன்-ஜாங்கூ, கோர்மத்தான் என்று திராட்சைத் தோட்டங்களும் மேய்ச்சல் நிலங்களும் மாறி மாறி வரும்.

குறை என்னவென்றால் ரோடு பைக்கில் இதை ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடலாம். ஞாயிறு மதியம் ரோலர் ஸ்கேட் போட்டவர்களும் நாயை நடத்திக்கொண்டு வருபவர்களும் நிறைந்திருப்பார்கள். சாலையைக் கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் தடுப்புக் கம்பிகள் வேகத்தை உடைக்கும். எல்லா ரயில் தடப் பாதைகளுக்கும் இது பொதுவான குறை. ஒரு தடுப்பு ஒன்றுமில்லை, நூறு தடுப்பு என்றால் கால் சோர்ந்துபோகும். குளூனிக்குத் தெற்கே பாதை 1.6 கி.மீ. நீளமுள்ள புவா கிளேர் சுரங்கத்துக்குள் போகிறது. குளிர்காலத்தில் வௌவால்கள் அங்கே உறங்குவதால் மூடிவிடுவார்கள், மேலே கணவாய் வழியாகத்தான் போக வேண்டும். திறந்திருக்கும் கோடையிலும் உள்ளே சில்லென்று இருக்கும். மேல்சட்டையும் விளக்கும் கையில் இருக்கட்டும்.

## லூபெரோன் சுற்று

பசுமைப் பாதைக்கும் தன்னந்தனிச் சாலைக்கும் நடுவே நிற்பது இது. புரோவான்ஸில் லூபெரோன் மலையைச் சுற்றி, கார் குறைந்த சாலைகளாகப் பார்த்துப் பொறுக்கி, இரு திசைக்கும் பலகை நட்டிருக்கிறார்கள். வரைபடம் படிக்கத் தெரியாதவரும் உண்மையான சாலையில் ஓட்டும் இன்பத்தை அடையலாம். ஏப்ரல், மே, பிறகு செப்டம்பர் பாதிக்கு மேல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன். ஜூலை, ஆகஸ்டில் வேண்டாம். கோர்த், ரூசியோன் போன்ற ஊர்களுக்கு வரும் கார்களும் வெயிலும் சேர்ந்து வாட்டிவிடும். வடக்கிலிருந்து மிஸ்த்ரால் காற்று வீசும் நாட்களில் சைக்கிளை நேராகப் பிடிப்பதே வேலையாகிவிடும்.

## லோசேரின் வெள்ளைச் சாலைகள்

ரோடு பைக் வைத்திருக்கிறீர்கள், மலையேற்றத்துக்குக் கால் பழகியிருக்கிறது, யாரும் இல்லாத சாலை வேண்டும் என்றால் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. பிரான்ஸ் பெருநிலத்தில் மக்கள் தொகை மிகக் குறைந்த மாவட்டம் லோசேர். சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 15 பேர். ஆனால் தார்ச் சாலைகள் எல்லாப் பக்கமும் கிளை விட்டுப் போகின்றன. முன்னே சொன்ன கணக்கில் 500-க்கும் மிகக் கீழே வரும் சாலைகள் இங்கே விதிவிலக்கல்ல, வழக்கம்.

ஃப்ளோராக் என்ற சிறு ஊரை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். மேற்கே டி16 சாலையில் ஏறினால் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் கோஸ் மெஜான் பீடபூமி. மரமே இல்லாத புல்வெளி, ஆட்டு மந்தைகள், கல் வீடுகள், வானம். 1993 முதல் அங்கே பிரெஸ்வால்ஸ்கி என்னும் காட்டுக் குதிரைகளை வளர்க்கிறார்கள், சாலையிலிருந்தே தென்படக்கூடும். கிழக்கே போனால் லெ போன்-து-மோன்வேர். அங்கிருந்து டி20 வழியாக 1,541 மீட்டர் ஃபினியேல் கணவாய் ஏறி லெ பிளெமாருக்கு இறங்கலாம். தெற்கே போனால் செவென் மலைகளின் கஷ்கொட்டைக் காடுகள், எகுவால் சிகரம். இந்தப் பீடபூமிகளும் மலைகளும் 2011-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

மறைமுகச் செலவு இங்கேதான் அதிகம். கோஸ் என்பது சுண்ணாம்புக்கல் நிலம். பெய்த மழை எல்லாம் பூமிக்குள் இறங்கிவிடும். மேலே ஓடையும் கிடையாது, குளமும் அரிது. கீழே ஊரில் இரண்டு பாட்டிலும் நிரப்பாமல் ஏறக் கூடாது. கிராமக் கல்லறைத் தோட்டங்களில் பெரும்பாலும் குழாய் இருக்கும், பிரெஞ்சு சைக்கிள்காரர்கள் காலங்காலமாக நம்பி வருவது அதைத்தான். "நோன் பொத்தாப்ல்" என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள். கடைகள் மதியம் 12 மணிக்கு மூடினால் இரண்டுக்கு மேல்தான் திறக்கும். ஞாயிறு மதியத்துக்கு மேல் ஒன்றுமே திறக்காது, திங்களும் பல ஊர்களில் விடுமுறை. சனிக்கிழமையே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பையில் ஏறிவிட வேண்டும்.

ரயில் இன்னொரு தடை. கிளெர்மோன்-ஃபெரானிலிருந்து நீம் போகும் மலை ரயில் பாதையில் லாங்கோன், வில்ஃபோர் நிலையங்கள் உண்டு. ஆனால் நாளைக்குச் சில வண்டிகளே ஓடுகின்றன. ஒன்றைத் தவறவிட்டால் அன்றைய திட்டம் போயிற்று. சைக்கிள் கெட்டுப்போனால் பழுது பார்க்கும் கடை வெகு தூரத்தில் இருக்கலாம். இரண்டு டியூப், சங்கிலி இணைப்பு, பிரேக் கட்டை கையில் இருக்க வேண்டும். கியரும் தாராளமாகத் தேவை. பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்தில் 32 பல்லாவது இல்லாமல் மூட்டையோடு இங்கே வருவது முழங்காலுக்குச் செய்யும் கொடுமை.

இங்கேயும் எல்லாச் சாலையும் அமைதியில்லை. ஃப்ளோராக் வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 106-ஐத் தவிருங்கள். தார்ன் பள்ளத்தாக்கில் ஆற்றோரமாகப் போகும் டி907 பிஸ் சாலை பேரழகு, ஆனால் ஜூலை, ஆகஸ்டில் படகுக்காரர்களின் வேன்களால் நிரம்பி வழியும். விடியற்காலையில் போங்கள், இல்லையென்றால் ஜூனில் போங்கள். செவென் மலை வளைவுகளில் ஞாயிறு மதியம் மோட்டார் சைக்கிள்கள் கூட்டம் கூட்டமாக வரும். செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை வேட்டைக் காலம், காட்டுச் சாலையில் பளிச்சென்ற சட்டை போடுவது நல்லது.

### இப்படிப்பட்ட சாலையை வேறு மாவட்டத்தில் கண்டுபிடிப்பது எப்படி

மிஷலின் வரைபடத்தில் சிவப்பு பெரிய சாலை, மஞ்சள் நடுத்தரம், வெள்ளை சிறியது. ஓரத்தில் பச்சைக் கோடு இருந்தால் காட்சி அழகு. அழகைத்தான் அது சொல்கிறது, அமைதியைச் சொல்லவில்லை. சுற்றுலாக் கார்களும் அதே பச்சைக் கோட்டைத்தான் தேடி வரும். எனவே பச்சை இல்லாத வெள்ளைச் சாலைதான் பெரும்பாலும் நமக்கு. அம்புக்குறிகள் ஏற்றத்தைக் காட்டும். ஒன்று என்றால் 5 சதவீதத்துக்கு மேல், இரண்டு என்றால் 9-க்கு மேல், மூன்று என்றால் 13-க்கு மேல். மூன்று அம்பு கண்டால் வேறு வழி பாருங்கள்.

சாலை எண்ணை நம்பி ஏமாறாதீர்கள். 2006 வாக்கில் பல ஆயிரம் கி.மீ. தேசிய நெடுஞ்சாலைகள் மாவட்டங்களிடம் ஒப்படைக்கப்பட்டு, "டி" என்ற எழுத்தோடு புதிய எண் பெற்றன. 600, 800, 900 வரிசையிலும் நான்கு இலக்கத்திலும் உள்ள "டி" எண்கள் பலவும் அப்படி வந்தவை. டி813, டி820 என்று பார்த்ததும் சின்னச் சாலை என்று நினைத்துப் போனால் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்வோம்.

இரண்டு ஊர்களை நேராக இணைக்கும் சாலையில் கார் இருக்கும். சுற்றிப் போகும் சாலையில் இருக்காது. பள்ளத்தாக்கில் ஒன்றும் மேட்டு விளிம்பில் ஒன்றும் இருந்தால் மேட்டுச் சாலையைப் பிடியுங்கள். ஏற்றம் கூடும், கார் குறையும். நேரத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். பிரெஞ்சுக்காரர்கள் மதிய உணவை அவசரமாகச் சாப்பிடுவதில்லை. 12-க்கும் 2-க்கும் நடுவே மஞ்சள் சாலைகூட வெள்ளைச் சாலை போல அடங்கிவிடும். தவிர்க்க முடியாத பெரிய சாலைத் துண்டு ஏதாவது இருந்தால் அந்த நேரத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

கோடையில் "கிராவியோன்" என்ற பலகை வந்தால் வேகத்தைக் குறையுங்கள். தார் ஊற்றி மேலே பொடிக்கல் தூவியிருப்பார்கள், இறக்கத்தில் முன்சக்கரம் வழுக்கிவிடும். சின்னச் சாலைகளைப் புதுப்பிக்கும் வழக்கமான முறை இதுவே என்பதால் நல்ல நாளிலும் தரை சற்றுச் சொரசொரப்பாகத்தான் இருக்கும். 28 அல்லது 32 மி.மீ. டயர் போட்டால் அந்த அதிர்வு கைக்கு ஏறாது.

## ஆல்ப்ஸ்: காலையில் மட்டும் மூடும் கணவாய்கள்

ஓத்-ஆல்ப் மாவட்டத்தில் கோடையில் சில நாட்கள் இஸுவார் (2,360 மீ.), அன்யெல் (2,744 மீ.), கிரனோன் (2,413 மீ.) போன்ற கணவாய்ச் சாலைகளைக் காலையில் சில மணி நேரம் மோட்டார் வண்டிகளுக்கு மூடிவிடுகிறார்கள். சவுவா மாவட்டத்திலும் இதே ஏற்பாடு உண்டு. புகழ்பெற்ற ஏற்றத்தைக் கார் புகையில்லாமல் ஏற இதைவிட்டால் வழியில்லை. நாட்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும், தேதி பார்த்துத்தான் விடுப்புப் போட வேண்டும். நேரம் முடிந்ததும் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் திரும்பிவிடும். எனவே ஒரு வாரப் பயணத்தை இதை நம்பி மட்டும் வகுக்காதீர்கள். ஒரே ஒரு கணவாய் மீது நெடுநாள் ஆசை வைத்திருப்பவருக்கு ஏற்றது.

## சட்டம் பற்றிச் சுருக்கமாக

ஊருக்கு வெளியே கார் நம்மைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும், ஊருக்குள் ஒரு மீட்டர். 2018-இல் இருவழிச் சாலைகளில் வேக வரம்பு 90-இலிருந்து 80 ஆனது. ஆனால் மாவட்டங்கள் பல தங்கள் சாலைகளில் அதை மறுபடி 90 ஆக்கியிருக்கின்றன. 12 வயதுக்குக் கீழே தலைக்கவசம் கட்டாயம். இரவிலும் பனிமூட்டத்திலும் ஊருக்கு வெளியே ஓட்டினால் ஒளிரும் மேலங்கி கட்டாயம். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டினால் அபராதம். சின்ன ஊர்களில் பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கம் வரும் வண்டிக்கே முதலுரிமை. அமைதியான ஊர் என்ற நினைப்பில் இதை மறந்துவிடுவது எளிது.

## ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை

ஒரே வாரத்தில் இரண்டு வகையையும் சேர்க்கலாம். இணையரில் ஒருவருக்கு மலை பிடிக்கும், இன்னொருவருக்குச் சமவெளி வேண்டும் என்றால் நான் சொல்வது தெற்குப் புர்கோன். ஜிவ்ரி–குளூனி பாதையை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, பாதையோரத்து ஊர் ஒன்றில் அறை எடுங்கள். காலையில் ஒருவர் கிழக்கே குன்றுகளுக்கு இடையில் உள்ள வெள்ளைச் சாலைகளில் ஏறிப் பிரான்சியோன் கோட்டைக் கிராமம் வரை போகட்டும். மற்றவர் பாதையிலேயே மெல்லப் போகட்டும். மதியம் கோர்மத்தானில் சேர்ந்து சாப்பிடலாம். லுவாரிலும் இப்படிச் செய்யலாம், ஆனால் அங்கே ஏற்றம் போதாது.

நான்கு நாட்கள்தான் விடுப்பு, மழைக்காலம், சைக்கிள் உங்களுடையது என்றால் காரோன் கால்வாய். தார்ப் பாதையில் சேறு இல்லை, எந்த நாள் வேண்டுமானாலும் ரயில் ஏறிவிடலாம். ஜூன் மாதத்தில் ஒரு முழு வாரம் கிடைத்தால், காலில் பலமும் இருந்தால், லோசேர்.

எதை எடுத்தாலும் அறைக்கு முன்னால் ரயிலை முடிவு செய்யுங்கள். வட்டார ரயில்கள் பலவற்றில் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் கோடையில் லுவார் வழி போன்ற நெரிசலான தடங்களில் முன்பதிவு கேட்கலாம். டி.ஜி.வி. என்னும் அதிவேக ரயில்களில் கழற்றாத சைக்கிளுக்குச் சில இடங்களே உண்டு, தனிச் சீட்டு வேண்டும், சனிக்கிழமை வண்டிகளில் அவை முதலில் தீர்ந்துவிடும். இடம் கிடைக்காவிட்டால் சக்கரங்களைக் கழற்றிப் பையில் போட்டு மூட்டையாகக் கொண்டுபோகலாம். அந்தப் பையை வாரம் முழுக்கச் சுமக்க முடியுமா, முதல் ஊர் விடுதியில் விட்டுவைத்துத் திரும்பி அங்கேயே வரும்படி சுற்றுப் பாதையாகப் போடுவதா என்பதையும் அப்போதே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.